பென்சில் டப்பாவும் வெண்ணாத்துப் பாலமும்

நீடாமங்கலம் அம்மா:
பையனுக்கு ஒன்பது வயசு. அவன் பென்சில் டப்பாவை யாரும் தொடக்கூடாது. நாலு பென்சிலும் கூர் ஒரே பக்கம் பாத்து இருக்கணும், ரப்பர் ஓரத்துல ஒட்டி இருக்கணும். சித்தி பையன் ஒருநாள் விளையாட்டா ஒரு பென்சிலை எடுத்துட்டான். அன்னைக்கு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஈரத்துணியால துடைச்சுக்கிட்டே இருந்தான். பெயிண்ட் போய் மரம் தெரிஞ்சுது. தூக்கத்துல தலை சாயுது, கை மட்டும் நிக்கலை.

மாமியார் "தாத்தா மாதிரியே சுத்தக்காரன்"னு சொன்னாங்க. அவன் அப்பா, பிடிவாதம்னு நெனச்சு டப்பாவைக் கொட்டிக் கலைச்சு விட்டார். பிள்ளை அழலை, வாந்தி எடுத்தான். அந்தப் பயத்துல நான் அவன் சொன்னதையெல்லாம் செய்ய ஆரம்பிச்சேன். அலமாரிக்குத் தனிப் பூட்டு, துண்டுக்குத் தனிக் கொடி, அவன் பையைத் தொடறதுக்கு முன்னாடி கை கழுவறது. வீட்டுல சண்டை நின்னுது. ஆனா ரெண்டே மாசத்துல செருப்பு, தட்டு, தலையணைன்னு பரவிடுச்சு.

முதல்ல 14416-ங்கற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் பண்ணேன், தமிழ்லயே பேசினாங்க. அப்புறம் தஞ்சாவூர்ல ஒரு மனநல டாக்டர். ஓசிடின்னு சொன்னார், வேண்டாத பயம் திரும்பத் திரும்ப வந்து ஒரே காரியத்தையே செய்ய வைக்கற நோயாம். மூணாவது தடவை போனப்பதான் பிள்ளை வாய் திறந்தான். பென்சில் கோணலா இருந்தா அம்மா போற பஸ் பாலத்துலேர்ந்து ஆத்துல விழுந்துடுமாம். நான் தினம் வெண்ணாத்துப் பாலம் தாண்டித்தான் வேலைக்குப் போறேன். கோடையில ஆறு மணலாக் கெடந்தப்ப அவன் பயம் ஏன் கொறைஞ்சுது, ஜூன்ல மேட்டூர் திறந்து தண்ணி வந்ததும் ஏன் ஏறுச்சுன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. பள்ளிக்கூடம் திறந்த பயம்னுல்ல நாங்க நெனச்சோம்.

மயிலாடுதுறை அப்பா:
படிச்சுட்டு நெஞ்சு அடைச்சுப் போச்சும்மா. என் மகளுக்கு யூனிபார்ம் மடிப்பு. ஒரு கோடு பிசகினா மறுபடி முதல்லேர்ந்து. அவளுக்குப் பயத்தைத் தாங்கிப் பழகற பயிற்சி மட்டும் போதாம செர்ட்ராலின்னு மாத்திரையும் குடுத்தாங்க. பலன் தெரியப் பல வாரம் ஆச்சு. நடுவுல நிறுத்திடலாம்னு இருந்தோம், நல்லவேளை டாக்டரைக் கேட்டுக்கிட்டோம். பேரைப் பாத்து யாரும் கடையில வாங்கிடாதீங்க. உங்க பையனுக்குப் பயிற்சி எப்படி ஆரம்பிச்சீங்க?

நீடாமங்கலம் அம்மா:
எது எவ்வளவு பயம்னு அவனையே பத்துக்கு மார்க் போடச் சொன்னாங்க அண்ணா. ரெண்டு மார்க்லேர்ந்து ஆரம்பிச்சோம். ஒரே ஒரு பென்சிலைத் திருப்பி வச்சுட்டு, சரி பண்ணாம உக்காந்திருக்கணும். முதல் நாள் நாப்பது நிமிஷம் தவிச்சான். அப்புறம் பயம் தானா எறங்குச்சு. செய்யச் செய்ய எறங்குற நேரம் கொறைஞ்சுது.

எனக்குக் குடுத்த பாடம்தான் கஷ்டம். "ஒண்ணும் ஆகாதுடா"ன்னு திரும்பத் திரும்பச் சொல்லக்கூடாது. அந்த வார்த்தையும் அவனுக்கு ஈரத்துணி மாதிரிதானாம், பயம் அப்போதைக்கு அடங்கும், மறுபடி கேக்க வைக்கும். புள்ள முகத்தைப் பாத்துக்கிட்டு அதைச் சொல்லாம இருக்கறது எப்படின்னு இன்னும் பழகிக்கிட்டே இருக்கேன்.

இந்த ஆடிப்பெருக்குக்கு அவன் சப்பரத்தைப் பக்கத்து வீட்டுப் பாப்பா கேட்டா. கயித்தை அவனே எடுத்துக் குடுத்தான். படித்துறை வரைக்கும் அவ இழுத்துட்டுப் போனா, சக்கரமெல்லாம் சேறு. தண்ணியையே பாத்துக்கிட்டு நின்னவன், "நாளைக்கும் பஸ்லதான் போவியாம்மா?"ன்னான். "ஆமாண்டா"ன்னேன். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை. வீட்டுக்கு வந்து சக்கரத்தை ஒரே தடவை துடைச்சு மூலையில வச்சான். செருப்பும் தலையணையும் இன்னும் பாக்கி இருக்கு.