நிலக்கரி மின்நிலையங்களை முன்கூட்டியே மூடினால் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் நம் தென்னாப்பிரிக்க அரசின் மீது வழக்குத் தொடுக்க முடியுமா?

சாட்ஸ்வொர்த் வாசகி:
வணக்கம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து, பிள்ளைகளை அழைத்துப்போக வந்த பெற்றோருடன் பேசிக்கொண்டிருந்தபோது எழுந்த ஐயம் இது. கொமாட்டி மின்நிலையத்தை 2022 அக்டோபரில் நிறுத்தியதைப் போல மற்றவற்றையும் அரசு காலத்துக்கு முன்பே மூடினால், எரிசக்தித் துறையில் வெளிநாட்டு முதலீடுகளைக் காக்கும் பன்னாட்டு உடன்பாடான எரிசக்தி சாசன ஒப்பந்தத்தைக் காட்டி நெதர்லாந்தின் மீது வழக்குப் போட்டதைப் போல, நம்மையும் பன்னாட்டு நடுவர் மன்றத்துக்கு இழுப்பார்களா? இழப்பீடு என்றால் அது நம் வரிப்பணம்தானே?

டர்பன் வழக்கறிஞர்:
அக்கா, 1994இல் லிஸ்பனில் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தில் தென்னாப்பிரிக்கா சேரவே இல்லை. ஆகவே அது நம்மைக் கட்டாது. நாம் பார்க்க வேண்டியவை, நிறவெறி ஆட்சி முடிந்து விடுதலை பெற்ற பின் முதலீட்டாளர்களை வரவழைக்கும் அவசரத்தில் ஐரோப்பிய நாடுகளுடன் தனித்தனியே செய்துகொண்ட இருதரப்பு முதலீட்டு ஒப்பந்தங்கள். கருங்கல் குவாரிகளில் முதலீடு செய்திருந்த இத்தாலியர் சிலரும் ஒரு லக்சம்பர்க் நிறுவனமும், 2002ஆம் ஆண்டின் கனிமச் சட்டமும் கறுப்பின மக்களுக்குப் பங்கு தர வேண்டும் என்ற விதியும் தங்கள் சொத்தைப் பறிப்பதாகச் சொல்லி, அந்த இருதரப்பு ஒப்பந்தங்களின் கீழ்தான் வழக்குத் தொடுத்தார்கள். 2010இல் அவர்கள் வழக்கைக் கைவிட்டபோது, செலவுத்தொகையாக அரசுக்குக் கிடைத்தது 4,00,000 யூரோ. வழக்காட அரசு செலவழித்ததோ அதைப் போலப் பல மடங்கு.

சூடு பட்ட அரசு, 2012 முதல் அந்த ஒப்பந்தங்கள் பலவற்றை முடித்துக்கொண்டது. 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்த முதலீட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வெளிநாட்டவரும் நம் நீதிமன்றங்களுக்கே வர வேண்டும். அந்த வழிகளெல்லாம் தீர்ந்த பின் நம் அரசு சம்மதித்தால் மட்டுமே பன்னாட்டு நடுவர் மன்றம். அங்கும் எதிரே நிற்பது முதலீட்டாளரின் நாடு, முதலீட்டாளர் அல்லர்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாணவன்:
அண்ணன் சொல்வது சரி. ஆனால் 'முடித்துக்கொண்டது' என்ற சொல்லை நம்பி நிம்மதியடைய முடியாது. பிரிட்டனுடனான ஒப்பந்தம் 2014இல் முடிந்தாலும், அதற்கு முன் செய்த முதலீடுகளுக்கு அது 20 ஆண்டுகள், அதாவது 2034 வரை, பாதுகாப்பு தருகிறது. எரிசக்தி சாசன ஒப்பந்தத்திலும், வெளியேறிய பின்னும் நீளும் இதே வால் உண்டு. இத்தாலி 2016இல் அதிலிருந்து வெளியேறிவிட்டது. இருந்தும், கடலோர எண்ணெய்த் துரப்பணத்தைத் தடை செய்ததற்காக ராக்ஹாப்பர் என்ற பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனம் 2017இல் வழக்குப் போட்டு, 2022இல் ஏறத்தாழ 19 கோடி யூரோவுக்குத் தீர்ப்புப் பெற்றது. 2025இல் அத்தீர்ப்பு ரத்தானது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் நடுவர் குழு அமைந்த முறையில் இருந்த குறையே தவிர, காலநிலைக் கொள்கைக்குக் கிடைத்த வெற்றியன்று.

சாட்ஸ்வொர்த் வாசகி:
தம்பி, அந்த வால் எனக்குத் தெரியாத செய்தி. நெதர்லாந்து வழக்கு என்ன ஆயிற்று?

டர்பன் வழக்கறிஞர்:
2030 முதல் நிலக்கரியால் மின்சாரம் எடுக்கக் கூடாது என்ற சட்டத்துக்காக ஆர்டபிள்யூஇ என்ற ஜெர்மன் மின் நிறுவனம் 2021இல் 140 கோடி யூரோ கேட்டது. 2023இல் தானே விலகிக்கொண்டது.

தம்பி சொன்ன வாலை நான் விட்டுவிட்டது பிழைதான். ஆயினும் இங்கே நிலக்கரி மின்நிலையங்களில் மிகப் பெரும்பாலானவை அரசு மின் நிறுவனமான எஸ்காமுக்குச் சொந்தம். அரசு தன் நிறுவனத்தின் உலையைத் தானே அணைத்தால் அதற்காக வழக்குப் போட வெளிநாட்டு உரிமையாளர் யாரும் இல்லை. சிக்கல் வருமானால், அந்த உலைகளுக்கு நிலக்கரி விற்கும் சுரங்கங்களின் பக்கமிருந்துதான் வரும். அங்கே, எந்த நாட்டுப் பணம் எந்த ஆண்டில் உள்ளே வந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.