படகு கரை வந்ததும் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் தீர்ந்துபோகிறது, என்ன செய்யலாம்?

மண்டபம்_நோட்:
ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்து மீன் வியாபாரிகள் சிலர் கணக்குப் பார்க்கும் வெப் ஆப் இது. படகுவாரியாக எறால், நண்டு, கணவாய் எடை, முன்பணப் பாக்கி எல்லாம் இருக்கும். சர்வர் நோட்.ஜேஎஸ், டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், 4 புராசஸ், ஒவ்வொன்றிலும் பூல் (திறந்து வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் கனெக்‌ஷன்கள்) 30. தடைக்காலம் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது விசைப்படகுகள் திரும்பும் செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில் மட்டும் ‘டூ மெனி க்ளையன்ட்ஸ்’ என்று சொல்லி நின்றுவிடுகிறது, கூட்டம் கலைந்ததும் தானாகவே சரியாகிறது. மேக்ஸ் கனெக்‌ஷனை 500 ஆக்கிவிடலாமா? ராம் 2 ஜிபிதான்.

தொண்டி_டெவ்:
4 x 30 = 120. போஸ்ட்கிரெஸ் தானாகத் தருவது 100, அதிலும் 3 சூப்பர்யூசருக்கு (அட்மினுக்கு) ஒதுக்கியது. அப்புறம் எப்படிப் பத்தும்? 500 வேண்டவே வேண்டாம், கனெக்‌ஷனுக்கு ஒரு புராசஸ் என்று ஓடும், 2 ஜிபி தாங்காது. பூலை 10 ஆக்குங்கள்.

கீழக்கரை_டிபிஏ:
பூலைக் குறைத்தால் எரர் நிற்கும், ஆனால் டைம்அவுட் வைக்காவிட்டால் ரிக்வெஸ்ட் வரிசையில் காத்தே கிடக்கும், வியாபாரி திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். கனெக்‌ஷனை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள் தம்பி. கூட்ட நேரத்தில் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் (எந்தக் கனெக்‌ஷன் என்ன செய்கிறது என்று காட்டும் பட்டியல்) ஸ்டேட் என்ற நெடுவரிசை என்ன சொல்கிறது?

மண்டபம்_நோட்:
இன்று காலை பார்த்தேன் அண்ணே, பாதிக்கு மேல் ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்’, அதாவது டிரான்சாக்‌ஷனைத் தொடங்கிவிட்டு முடிக்காமல் சும்மா நிற்கிறது. எடை பதிந்ததும் படகு ஓனருக்கு எஸ்எம்எஸ் போகும், அது போனபிறகுதான் கமிட் (பதிவை உறுதி செய்து முடிப்பது).

கீழக்கரை_டிபிஏ:
அதேதான். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு டீ குடிக்கப் போன கதை. எஸ்எம்எஸ் கேட்வே பதில் சொல்லும்வரை கனெக்‌ஷனும் போச்சு, லாக் ஆன ரோவும் (டேபிளில் அந்தப் பதிவின் வரி) போச்சு. அனுப்பவேண்டிய செய்தியை ஒரு டேபிளில் எழுதி உடனே கமிட் செய்யுங்கள், அனுப்புகிற வேலையைத் தனி புராசஸ் பார்க்கட்டும்.

பாம்பன்_பையன்:
இதற்கு ஏன் இவ்வளவு பாடு, நடுவில் நின்று கனெக்‌ஷனைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் போட்டால் முடிந்தது.

கீழக்கரை_டிபிஏ:
முடியாது. டிரான்சாக்‌ஷன் மோடிலும் கமிட் ஆகும்வரை கனெக்‌ஷனை அது திருப்பி வாங்காது, நெரிசல் அங்கே போய் நிற்கும், அவ்வளவுதான்.

தொண்டி_டெவ்:
பாக்கிப் பக்கத்தையும் பாருங்கள். படகுக்கு ஒரு க்வெரி என்று லூப்பில் ஓடினால் அதைப் படகுவாரியாகத் தொகுக்கும் ஒரே ‘குரூப் பை’ க்வெரியில் எடுக்கலாம். இன்றைய பதிவை எடுக்க நேரம் இருக்கும் நெடுவரிசையை டேட் ஃபங்ஷனுக்குள் போட்டிருந்தால் அந்த நெடுவரிசையின் இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் குறிப்பு) உதவாது, இன்று 0 மணி முதல் நாளை 0 மணிக்கு முன்புவரை என்று கேளுங்கள். இண்டெக்ஸே இல்லையென்றால் படகு வராத வெள்ளிக்கிழமை பார்த்து, பதிவைத் தடுக்காமல் இண்டெக்ஸ் போடும் ‘கன்கரன்ட்லி’ என்ற சொல்லைச் சேர்த்துப் போடுங்கள், சும்மா போட்டால் அது முடியும்வரை ஒரு எடையும் பதியாது.