மட்டக்களப்பு ரவுணுக்க இருக்கிற புளியந்தீவை நடந்து பார்க்க எங்க இருந்து தொடங்குற?

களுவாஞ்சிக்குடிப் பிள்ளை:
வாற ஞாயிறு அம்மாவோட மட்டக்களப்பு வாறன். சின்னனில பிறப்புப் பத்திரம் எடுக்கக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகம்) கூட்டி வந்தவ. அலுவல் முடிஞ்சதும் பஸ் பிடிச்சு ஊருக்குப் போனதுதான், ஒண்டும் பார்க்கல்ல. கோட்டையில தொடங்கினாச் சரியா? அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், கனக்க நடக்க ஏலாது.

பழைய சென்றல்காரன்:
கோட்டையைக் கடைசியா வைங்க தங்கச்சி. காந்தி பூங்காவில இறங்குங்க. அங்க வாவிக்கரையில ஒரு பழைய வாசல் நிக்கும், பக்கத்தில மதிலும் இல்ல, கட்டடமும் இல்ல. பாலம் இல்லாத காலத்தில ஆக்கள் வள்ளத்தால வந்து இறங்கின துறை. ஊருக்கு முகம் அந்தப் பக்கம்தான், நாம இப்ப றோட்டால வாறது கோடிப்பக்கத்தால வாற மாதிரி. 1814 இல வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்து அந்த வருசமே பள்ளிக்கூடம் தொடங்கினவர், அதுதான் எங்கட மெதடிஸ்த மத்திய கல்லூரி. மனுசன் அடுத்த வருசமே இங்க காலமாயிற்றார்.

பூங்காவுக்கு முன்னால சனம் பதாகையோட நிண்டா ஒதுங்கிப் போயிராதீங்க. காணாமல் ஆக்கப்பட்ட ஆக்களின்ட தாய்மார் எத்தனையோ தரம் வந்து நிண்ட இடம்.

அரண்மனை எண்டு ஒண்டும் இங்க இல்ல, ஆண்ட ஆக்கள் எல்லாம் கோட்டைக்குள்ள இருந்துதான் ஆண்ட. 1628 இல போர்த்துக்கீசர் கட்டின. பத்து வருசத்தில ஒல்லாந்தர் பிடிச்சிற்றாங்க, இலங்கையில அவங்க பிடிச்ச முதல் கோட்டை இதுதான். மறுகா இங்கிலீசுக்காரன், அதுக்குப் பிறகு நம்மட கச்சேரியும் கனகாலம் அதுக்குள்ளதான் இருந்தது. ரெண்டு பக்கம் வாவி, ரெண்டு பக்கம் அகழி, நாலு கொத்தளம். நீங்க சின்னனில உள்ளுக்க போய் வந்திருக்கீங்க, ஆனா கச்சேரிக்கு வந்த ஆரு மதிலை அண்ணாந்து பார்த்த?

மைக்கல் வாசல்:
சென்றல்காரருக்கு எங்க தொடங்கினாலும் பள்ளிக்கூடத்திலதான் முடியும் 😄 மரியாள் பேராலயத்தை விட்டுட்டீங்களே அண்ணன்! மட்டக்களப்பு 2012 இல தனி மறைமாவட்டம் ஆகினதில இருந்து ஆயரின்ட கோயில் அது. தங்கச்சி, பூசை முடிஞ்சு சனம் கலைஞ்ச பிறகு போங்க, வாங்கில அம்மாவும் கால் ஆறலாம். 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில ஜோசப் பரராஜசிங்கம் எம்பியைச் சுட்டது அதுக்குள்ளதான். உள்ளுக்க நிண்டு செல்பி எடுக்கிற ஆக்களைக் கண்டா எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

களுவாஞ்சிக்குடிப் பிள்ளை:
அப்ப பூங்கா, கோயில், கோட்டை. கோயிலடியில இருந்து ஆட்டோ பிடிக்கிறம். அம்மா இப்பவே கேக்கிறா, அந்த வாசலடியில இருக்க நிழல் கிடைக்குமா எண்டு.

பழைய சென்றல்காரன்:
வாசலடியில வெயில்தான். பூங்காவுக்குள்ள மரத்தடி இருக்கு, அம்மாவை அங்க இருத்திப்போட்டு நீங்க போய்ப் பாருங்க. எட்டு மணிக்கு முதல் வாங்க.