போர் தண்ணீரில் பாழான முடி, திரும்பச் சரியாகுமா?

துரைப்பாக்கம்வாசி:
கும்பகோணத்திலிருந்து சென்னைக்குக் குடிவந்த பிறகு என் முடி நார் மாதிரி ஆகிவிட்டது. எங்கள் அடுக்குமாடியில் போர் தண்ணீரும் லாரி தண்ணீரும் கலந்துதான் வருகிறது, குழாய், பக்கெட் எல்லாவற்றிலும் வெள்ளையாக உப்பு படிகிறது. ஷாம்பு சரியாக நுரைப்பதில்லை, காய்ந்ததும் முடி சொரசொரவென்று இருக்கிறது, சீவினால் பாதியில் உடைகிறது. எண்ணெய் வைத்தால் மேலேயே நிற்கிறது. ஷவர் ஃபில்டர் வாங்கினால் போதுமா? வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

நீர்ச்சோதனை:
ஃபில்டருக்குக் காசு கொடுக்கும் முன் இதைப் படியுங்கள். நீங்கள் சொல்வது கால்சியம், மெக்னீசியத்தால் வரும் கடினத்தன்மை. ஷவரில் மாட்டும் சின்ன ஃபில்டர்கள் பெரும்பாலும் குளோரினையும் துருவையும்தான் குறைக்கும், கரைந்திருக்கும் கால்சியம் அப்படியே வரும். அதை எடுக்க, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் மணிகள் உள்ள, அவ்வப்போது உப்பு போட்டுப் புதுப்பிக்கிற சாஃப்ட்னர் வேண்டும், அதை அசோசியேஷன் மூலமாக மொத்தக் கட்டடத்துக்கும் வைப்பதுதான் நல்லது. முதலில் ஒரு லேபில் கடினத்தன்மையைச் சோதியுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. கையில் வைத்துப் பார்க்கும் டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்பு மொத்தத்தையும் காட்டுமே தவிர கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது.

சுருள்முடி:
தோழி, எண்ணெய் மேலேயே நிற்பதற்குக் காரணம் முடியின் மேல் இருக்கும் படிவு. அதை எடுக்காமல் என்ன மாஸ்க் போட்டாலும் வீண். கால்சியப் படிவைப் பிடித்து எடுக்கும் கீலேட்டிங் ஷாம்பு என்று கேட்டு வாங்குங்கள், பின்பக்கம் டைசோடியம் அல்லது டெட்ராசோடியம் இ.டி.டி.ஏ. என்றோ ஃபைட்டிக் ஆசிட் என்றோ இருக்கும். ஆனால் சாதாரண ஷாம்புவிலும் கெடாமல் இருக்க இ.டி.டி.ஏ. கொஞ்சம் சேர்ப்பார்கள், அதனால் முன்பக்கம் கடின நீருக்கானது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். தேய்த்துச் சில நிமிடம் ஊறவிட்டு அலசி, உடனே கண்டிஷனர் போட வேண்டும், இல்லையென்றால் வறண்டுபோகும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும், சாயம் போட்ட முடியென்றால் நிறம் சீக்கிரம் போகும். கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு மக் கேன் தண்ணீர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இந்த ஒன்றிலேயே பெரிய வித்தியாசம் தெரியும். எலுமிச்சையைப் பிழிந்து நேராகத் தலையில் தேய்க்காதீர்கள், எரியும்.

துரைப்பாக்கம்வாசி:
நன்றி! தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தால்? சீயக்காய்க்கு மாறலாமா?

நீர்ச்சோதனை:
கொதிக்கவைத்தால் பைகார்பனேட்டால் வருகிற கடினத்தன்மை மட்டும்தான் குறையும், சல்பேட், குளோரைடு இருந்தால் அப்படியே நிற்கும். எங்கள் பக்கத்து போர்களில் இரண்டும் உண்டு, கேஸ்தான் வீண்.

அரப்புஅக்கா:
அரைத்த சீயக்காய் நல்லதுதாம்மா. சோப்பு மாதிரி கால்சியத்தோடு சேர்ந்து திப்பியாக ஒட்டாது. ஆனால் தூள் முடியிடுக்கில் தங்கும், நிறைய தண்ணீர் விட்டு அலச வேண்டும், சீயக்காய் சோப்புக் கட்டி வேண்டவே வேண்டாம். இன்னொன்று, ஏற்கெனவே பிளந்த நுனி எதைப் போட்டாலும் ஒட்டாது, கொஞ்சம் வெட்டிவிடு. அப்புறம் கீழே விழுகிற முடியை எடுத்துப் பார். பாதியில் உடைந்த துண்டாக இருந்தால் தண்ணீர் காரணமாக இருக்கலாம். வேரில் வெள்ளைக் குமிழோடு கொத்துக்கொத்தாக வந்தால் தண்ணீர் மேல் பழி போட்டுக்கொண்டு இருக்காதே, தோல் மருத்துவரைப் பார், இரும்புச்சத்தும் தைராய்டும் சோதிக்கச் சொல்வார்கள்.