மல்டிபிள் மைலோமா: மருந்துச் சோதனையில் சேர்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். எங்கள் சித்தப்பாவுக்கு மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய். போர்டிசோமிப், லெனலிடோமைடு, டாராடுமுமாப் எல்லாம் கொடுத்தும் நோய் மறுபடி தலைதூக்கிவிட்டது. இம்யூனோதெரபி (நம் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே புற்றை எதிர்க்கும் சிகிச்சை) மருந்துச் சோதனை ஒன்றில் சேர்வதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறார் டாக்டர்.

டெக்லிஸ்டமாப் வகை மருந்து. ஒரு முனை நம் நோய் எதிர்ப்புச் செல்லான டி செல்லில் உள்ள சிடி3 என்ற புரதத்தைப் பிடிக்கும், மறுமுனை புற்றுச் செல்லில் உள்ள பிசிஎம்ஏ என்ற புரதத்தைப் பிடிக்கும். இரண்டையும் ஒட்டவைத்து, நம் செல்லே புற்றைக் கொல்லும்படி செய்கிறது. டெக்லிஸ்டமாபின் மஜெஸ்டெக்-1 சோதனையில் 165 பேரில் 63 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்தது. வேறு வழி அதிகம் இல்லாத நோயாளிகள் அவர்கள் என்பதால் எனக்கு இது பெரிய நம்பிக்கை. ஆனால் 72 சதவீதம் பேருக்கு சைட்டோகைன் ரிலீஸ் சிண்ட்ரோம் (நோய் எதிர்ப்புச் சக்தி அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு காய்ச்சல் போன்றவை வருவது) வந்தது, பெரும்பாலும் லேசாகத்தான். அதைவிடத் தொற்றுதான் என்னைப் பயமுறுத்துகிறது. முக்கால்வாசிப் பேருக்கு வந்திருக்கிறது, அதில் பலருக்குக் கடுமையாக. சித்தப்பாவுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை நிமோனியா.

இப்படிப்பட்ட சோதனையில் சேர்ந்தவர்களோ, கூட இருந்து பார்த்துக்கொண்டவர்களோ சொல்லுங்கள். டோஸை ஏற்றும் முதல் வாரங்களில் எத்தனை நாள் வார்டில் இருக்க வேண்டியிருந்தது? தொற்றைத் தடுக்க இம்யூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்புப் புரதம்) ஏற்றினார்களா, அதன் செலவு யாருடையது? போக்குவரத்துச் செலவு கொடுத்தார்களா? இந்தியாவின் 2019 மருந்துச் சோதனை விதிகளின்படி சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. நடைமுறையில் கேட்டு வாங்கியவர்கள் இருக்கிறீர்களா?

இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளைப் பதிவுசெய்யும் சிடிஆர்ஐ தளத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன். சென்னை, வேலூர் பக்கம் ஆள் சேர்க்கும் சோதனை தெரிந்தால் பதிவு எண்ணைக் கமெண்டில் போடுங்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இருந்தாலும் எழுதுங்கள்.