மொரீஷியஸ் போகிறோம், அப்பாவுக்கு முழங்கால் வலி. எந்தத் தோட்டத்தை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

லாஸ்பேட்டை ராஜி:

எல்லோருக்கும் வணக்கம். மே மாத லீவில் ஏழு நாள் மொரீஷியஸ் போகிறோம். நான், வீட்டுக்காரர், ஏழு வயசுப் பையன், என் அப்பா, மாமியார். கடலில் குதிப்பது, பாராசூட்டில் தொங்குவது எதுவும் வேண்டாம், கடல்தான் இங்கேயே இருக்கிறதே. அப்பா வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மரம் செடி என்றால் உயிர். நம் புதுச்சேரி தாவரவியல் பூங்காவுக்குப் போனால் மரத்தில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகையைப் படித்து எழுத்துப்பிழை கண்டுபிடிக்கிற ஆள். ஆனால் அரை மணி நடந்தால் பத்து நிமிஷம் உட்கார வேண்டும். பையனுக்கு டோடோ பறவையைப் பார்க்க வேண்டுமாம். அது அழிந்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு என்றால் முறைக்கிறான்.

ஏஜென்ட் கொடுத்த பிளானில் ஒரே நாளில் பாம்ப்ளமூஸ் தோட்டம், போர்ட் லூயியில் ஷாப்பிங், அப்புறம் கசேலா விலங்குப் பூங்கா என்று மூன்று போட்டிருக்கிறார். நடக்கிற காரியமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை குமரன்:

நடக்காது ராஜி அக்கா. எங்களுக்கும் அச்சு அசலாக இதே பிளான்தான் போட்டார்கள். நாங்களும் தீவு சின்னதுதானே, கடலூர் மாவட்டத்தை விடச் சின்னது, என்ன ஆகிவிடும் என்று நம்பிக் கிளம்பினோம். தோட்டம் வடக்கே, கசேலா மேற்கே, நடுவில் போர்ட் லூயி டிராஃபிக். கசேலா வாசலில் போய் நிற்கும்போது மணி மூன்றரை. வரிக்குதிரை இரண்டைப் பார்த்தோம், சின்னவள் அழுதாள், திரும்பிவிட்டோம். மே மாதம் அங்கே குளிர்காலத்தின் தொடக்கம், ஆறு மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

தோட்டத்துக்கு அரை நாள் தனியாக ஒதுக்குங்கள். பாம்ப்ளமூஸ் என்பது வேறொன்றுமில்லை, நம் பம்பளிமாஸ் பழம்தான், அதன் பெயரில் ஒரு ஊர். உள்ளே பாதையெல்லாம் சமதளம், நிழல் நிறைய, அப்பாவுக்குக் கஷ்டம் இருக்காது. வாசலில் வழிகாட்டி கிடைப்பார், தனியாகக் காசு கொடுத்தாவது ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவர் இல்லாமல் சுற்றினால் எல்லாமே பச்சையாக ஒரே மாதிரி தெரியும். எங்களுக்கு வந்தவர் ஒவ்வொரு மரத்திலும் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மூக்கில் நீட்டிக்கொண்டே வந்தார். பட்டை, கற்பூரம், ஜாதிக்காய். பெயர் சொல்லாமல் என்னவென்று கேட்பார். என் மாமியார் ஒன்றுவிடாமல் சொன்னார், நான் பாதியில் தோற்றேன்.

அல்லிக்குளம் பற்றி எல்லோரும் சொல்வார்கள். அமேசான் ராட்சத அல்லி, இலை விளிம்பு மடிந்து நிற்கும், தாம்பாளம் மிதக்கிற மாதிரி. மேல்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். வழிகாட்டி ஒரு குச்சியால் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார், அடிப்பக்கம் முழுக்க முள், நரம்புகள் ஒவ்வொன்றும் விரல் தடிமன். பூ முதல் நாள் வெள்ளை, மறுநாள் ரோஸ், அவ்வளவுதான் அதன் ஆயுள்.

கொசு மருந்து மறக்காதீர்கள்.

ஓ.டி. செல்வம், கடலூர்:

குமரன் சொன்னது சரி, ஆனால் ஒன்று. அல்லி முழுசாக விரிந்து நிற்பது டிசம்பர், ஜனவரி வெயிலில். அங்கே பருவம் நமக்கு நேர்மாறு. மே மாதம் போனால் இலை கொஞ்சம் சின்னதாக இருக்கலாம், படத்தில் பார்த்ததை எதிர்பார்த்துப் போகாதீர்கள். உங்கள் அப்பாவுக்கு அல்லியை விடத் தாளிப்பனைதான் பிடிக்கும் என்பது என் கணிப்பு. ஓலைச்சுவடிக்கு நம்மவர்கள் பயன்படுத்திய அதே தாளிப்பனை. முப்பது வருஷமோ அறுபது வருஷமோ சும்மா நிற்கும், ஒரே ஒரு தடவை உச்சியில் பூத்துக் கொட்டும், காய் பழுத்ததும் மரம் செத்துப்போகும். நான் போனபோது ஒன்று காய்ந்து மொட்டையாக நின்றது, பக்கத்தில் அடுத்தது பச்சையாக.

தோட்டத்துக்குப் பக்கத்திலேயே பழைய சர்க்கரை ஆலையை மியூசியம் ஆக்கி வைத்திருக்கிறார்கள். கடைசியில் விதவிதமான சர்க்கரையைத் தேக்கரண்டியில் கொடுத்து ருசி பார்க்கச் சொல்வார்கள். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு லாரிக்குப் பின்னால் பைக் ஓட்டி வளர்ந்தவன் நான், எனக்கே அதில் இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை.

பையனுக்கு என்றால் கசேலாவை விட்டுவிடுங்கள், இது என் கட்சி. சிங்கம், ஒட்டகச்சிவிங்கி பார்க்க மொரீஷியஸ் எதற்கு? நம் வண்டலூர் போதும். தெற்கே லா வனீல் என்று ஒரு பூங்கா இருக்கிறது. அல்தாப்ரா ராட்சத ஆமைகள் நூற்றுக்கணக்கில், அவற்றுக்கு நடுவிலேயே நடந்து போகலாம். கழுத்தடியில் மெதுவாகத் தடவிக் கொடுத்தால் காலை ஊன்றி எழுந்து நின்று கழுத்தை நீட்டும், இன்னும் தடவு என்கிற மாதிரி. தோல் உலர்ந்த பலாக்கொட்டை போல இருக்கும் (பண்ருட்டிப் பக்கத்துக்காரன், வேறு உவமை வராது).

மிஷன் வீதி தாத்தா:

ராஜி அம்மா, அந்தத் தோட்டத்துக்கும் நம் ஊருக்கும் பழைய சொந்தம் உண்டு, அப்பாவிடம் சொல்லுங்கள். அந்த இடத்தை முதலில் வாங்கியவர் லபூர்தொனே, அந்தத் தீவின் கவர்னர். 1746ல் கப்பல்களோடு இங்கே வந்து, சென்னைப் பட்டணத்தைப் பிடித்து, பணம் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்கலாம் என்றார். இங்கே கவர்னராக இருந்த துய்ப்ளே முடியாது என்றார். இரண்டு பேரும் அடித்துக்கொண்டது ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும். கடைசியில் மனிதர் பாரிஸில் பஸ்தீய் சிறையில் கிடந்தார். தோட்டத்துக்குள் ஒரு பழைய மாளிகையைக் காட்டி அவர் வீடு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், இப்போது நிற்பது பிற்பாடு ஆங்கிலேயர் காலத்தில் கட்டியது. வாசனைப் பயிர்கள் பியேர் புவாவ்ரு என்பவர் வேலை. 1770 வாக்கில் டச்சுக்காரன் கட்டிக் காத்த கிராம்பையும் ஜாதிக்காயையும் கிழக்கே இருந்து தருவித்து அங்கே வளர்த்தார். புவாவ்ரு என்றால் பிரெஞ்சில் மிளகு, பொருத்தமான பெயர்தான். நம் பூங்கா 1826, அதற்குத் தங்கை முறை.

வீட்டில் யாருக்காவது பிரெஞ்சு தெரியுமா? தெரிந்தால் அங்கே நீங்கள்தான் ராஜா.

லாஸ்பேட்டை ராஜி:

தாத்தா, மாமியாருக்குத் தெரியும்! அவர் அப்பா சொல்தா (பிரெஞ்சுப் படையில் சிப்பாய்), வீட்டில் பிரெஞ்சில்தான் திட்டுவாராம். இனி எங்களை எல்லாம் அவர்தான் மேய்க்கப் போகிறார்.

கசேலாவை எடுத்துவிட்டேன், ஷாப்பிங்கையும்தான் (வீட்டுக்காரர் இதற்கு உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லச் சொன்னார்). செல்வம் அண்ணா, ஈல் ஓ ஸெக்ரெத் என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறதாமே, படகில் போக வேண்டுமாம். அப்பாவால் முடியுமா?

ஓ.டி. செல்வம், கடலூர்:

அதை விடாதீர்கள், எனக்கு மொத்தப் பயணத்திலும் பிடித்தது அதுதான். கொக்குத் தீவு என்று அர்த்தம், 26 ஹெக்டேர், மாயெபூர் ஊருக்கு எதிரே. வனவிலங்கு அமைப்பு ஒன்று பழைய கருங்காலிக் காட்டை அதில் மீட்டு வளர்க்கிறது, வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். அந்தத் தீவுகளின் சொந்த ஆமை இனம் அழிந்துபோன பிறகு கருங்காலி விதையைத் தின்று பரப்ப ஆள் இல்லாமல் போயிற்று. அல்தாப்ரா ஆமையைக் கொண்டுவந்து விட்டார்கள், அது தின்று போட்ட இடத்தில் கன்று முளைத்தது. இதைக் கேட்டால் உங்கள் அப்பா முழங்காலை மறந்துவிடுவார். ரோஸ் புறாவும் உண்டு, ஒரு காலத்தில் காட்டில் பத்துக்குப் பக்கத்தில்தான் மிச்சம் இருந்ததாம்.

படகுப் பயணம் சில நிமிஷம்தான். பிச்சாவரத்தில் ஏறி இறங்கியவர் என்றால் பயமில்லை. ஆனால் உள்ளே பாதை பவளப்பாறைக் கல்லும் மண்ணும், ஒன்றரை மணி நேரமாவது நடக்க வேண்டும், கூட்டத்தோடு போவதால் நினைத்த இடத்தில் உட்கார முடியாது. முன்பதிவு செய்யும்போதே முழங்கால் விஷயத்தைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். ஹவாய் செருப்பு வேண்டாம், ஷூ போடச் சொல்லுங்கள். விமான நிலையமும் அந்தப் பக்கம்தான், லா வனீலும் தெற்கே, அதனால் முதல் இரண்டு நாள் அங்கேயே தங்கிவிட்டு வடக்கே போனால் அலைச்சல் மிச்சம்.

பையனிடம் சொல்லுங்கள், டோடோ அந்தத் தீவில் நிற்கிறது. வெண்கலத்தில்.

முத்தியால்பேட்டை குமரன்:

ஒன்று விட்டுப்போச்சு. மாமியார் பையில் கறிவேப்பிலை, விதை, கன்று எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அனுமதி இல்லாமல் செடி கொடி கொண்டுபோனால் ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள். அங்கே மார்க்கெட்டில் கறிப்புலே என்று கேளுங்கள், கட்டுக் கட்டாகத் தருவார்கள். முருங்கைக்கீரையும் கிடைக்கும், ப்ரேத் மூரூம்.

லாஸ்பேட்டை ராஜி:

கறிப்புலே! மாமியாரிடம் சொன்னேன், சிரித்துவிட்டு பையில் இருந்து இரண்டு ஈர்க்கு எடுத்து ஃப்ரிட்ஜில் திரும்ப வைத்தார். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது கிளம்ப, அதற்குள் பை கட்டியாகிவிட்டது.