மறு: நெர்ஃப் என்பதற்கு 'மழுக்கல்' சரிவருமா?

கணினி விளையாட்டுகளில் புழங்கும் நெர்ஃப் (nerf) என்ற சொல்லுக்குத் தமிழில் 'மழுக்கல்' என்று நான் முன்வைத்ததற்கு வந்த கேள்விகளும் என் பதில்களும்:

> 'பலவீனப்படுத்துதல்' என்றே வைக்கலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். எதிராளி மந்திரம் ஏவி நம் வீரரை 10 நொடி சோர வைப்பதும் பலவீனப்படுத்துதல்தான். ஆட்டக்காரர்கள் அதை டீபஃப் என்பார்கள். நெர்ஃப் வேறு. ஆட்டத்தை உருவாக்கியவர்களே புதுப்பிப்பு வெளியிட்டு ஓர் ஆயுதத்தின் வலுவைக் குறைப்பது. எல்லா ஆட்டக்காரரையும் பாதிக்கும், உருவாக்கியவர்களே மாற்றும்வரை நீடிக்கும்.

நெர்ஃப், பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 1970இல் விற்கத் தொடங்கிய நுரைப்பந்தின் வணிகப்பெயர். 1997இல் வந்த அல்டிமா ஆன்லைன் என்ற இணைய விளையாட்டில் வாளின் தாக்கத்தைக் குறைத்தபோது, நுரைமட்டையால் அடிப்பதுபோல் இருக்கிறதென ஆட்டக்காரர்கள் குறைபட்டதிலிருந்து அது வினைச்சொல்லானது என்பார்கள். வாள் படுகிறது, வெட்டவில்லை. அதைத்தானே மழுங்கல் என்கிறோம்? அடங்கு, அடக்கு போல மழுங்கு தன்வினை, மழுக்கு பிறவினை. 'வில்லை மழுக்கிட்டாங்க' என்று பேச்சிலும் தடையின்றி வரும்.

> வில்லுக்கு ஏது கூர்முனை? 'தணிப்பு' பொருத்தமாக இல்லையா?

புத்தி மழுங்கியது என்கிறோம், பார்வை மழுங்கியது என்கிறோம், முனை கட்டாயமில்லை. தணிப்பில்தான் பெரிய சிக்கல். நெர்ஃப் என்றால் எண் இறங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. ஒரு திறனை மறுபடி பயன்படுத்தக் காத்திருக்கும் நேரம் 8 நொடியிலிருந்து 10 ஆக ஏறினாலும் நெர்ஃப்தான். அதைக் 'காத்திருப்புத் தணிப்பு' என்று எழுதினால் நேரெதிர்ப் பொருள் வந்துவிடும். மழுக்கல் எண்ணைச் சுட்டாமல் ஆயுதத்தைச் சுட்டுகிறது. அதனால் இரண்டுக்கும் நிற்கிறது.

எண் குறைந்தாலே உறைக்கும் என்றும் இல்லை. எதிராளிக்கு 300 உயிர்ப்புள்ளி, ஓர் அடியின் தாக்கம் 120 என்றால் 3 அடியில் வீழ்வார். 100 ஆக்கினாலும் அதே 3 அடிதான். 99 ஆனதும் 4 அடி வேண்டும். அந்த ஒரு புள்ளியில்தான் உண்மையில் மழுங்குகிறது. ஆகவே சொல்லோடு பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சேர்த்தே எழுத வேண்டும்.

> அப்படியானால் நெர்ஃபுக்கு எதிரான பஃப்?

அதற்கு இரண்டு பொருள். உருவாக்கியவர்கள் வலுவேற்றுவது கூர்தீட்டல். வெறும் 'தீட்டல்' ஓவியத்தோடு குழம்பும். ஆட்டத்தின் நடுவே சில நொடிகளுக்குக் கிடைப்பது ஊக்கம். டீபஃப் நலிவு. ஒரு புதுப்பிப்புக் குறிப்பில் எழுதிப் பார்த்தேன்:

'வில் மழுக்கப்பட்டது: தாக்கம் 120இலிருந்து 99. ஈட்டி கூர்தீட்டப்பட்டது: வீச்செல்லை 5 மீட்டரிலிருந்து 6. நஞ்சம்பு தரும் நலிவு 4 நொடி நீடிக்கும்.'